மிஸஸ் தொரெஸ்பியின் கார்புரேட்டரும் ஒருமனதான தீர்மானமும்

நாகரிகம் என்றால் என்ன என்று அறிஞர்கள் தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாதர்ஸ்பிக்கு வந்து பார்த்ததில்லை. வந்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்: ஒரு சின்னக் காரின் பானெட்டைத் திறந்து வைத்து, அதைச் சுற்றிப் பதினொரு பேர் குனிந்து நின்று, ஒருவரும் எதையும் தொடாமல் இருப்பதே நாகரிகம்.

அந்தப் பதினொரு பேரும் 'ஹாதர்ஸ்பி வட்டாரப் பழைய சிறு கார் பராமரிப்புச் சங்க'த்தின் ஆயுள் உறுப்பினர்கள். நான் எனிட், செயலாளர். தலைவர் ராட்னி ஆக்ராய்ட் என் கணவர். இதில் 'குடும்ப ஆதிக்கம்' எதுவும் கிடையாது. செயலாளர்தான் தேநீர் போட வேண்டும் என்று விதி இருப்பதால் அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை, அவ்வளவுதான்.

சங்கம் கூடுவது தேவாலயக் கூடத்தின் பின்முற்றத்தில். யார்க்ஷயர் மேட்டு நிலத்துக் காற்று நேராக அங்கேதான் வந்து இறங்கும். நோயாளிக் கார் நடுவில் நிற்கும். முதல் கட்டம் 'பார்வையிடல்'. இரண்டாவது 'கருத்துரைத்தல்'. மூன்றாவது தேநீர். ஸ்பேனரைக் கையில் எடுப்பது நான்காம் கட்டம். பெரும்பாலும் அதற்குள் மழை வந்துவிடுவதால் அந்தக் கட்டத்துக்கு அவசியம் ஏற்படுவதில்லை. இவ்வளவு நிதானத்தைப் பொறுக்க முடியாத சிலர் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே காரை அன்றைக்கே சரிசெய்து அனுப்பிவிடுகிறார்களாம். அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் கூடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மியூரியல் தொரெஸ்பி எங்கள் ஒரே பெண் உறுப்பினர். (என்னைச் சேர்க்கக் கூடாது, நான் நிர்வாகம்.) அவளுடைய கணவர் ஜெரால்ட் இறந்தபோது அவளுக்கு விட்டுப்போனது ஒரு பெரிய வீடும், பாசி நிறத்தில் ஒரு மாரிஸ் மைனர் காரும். மகன் கனடாவில். அக்கா பெரில் நாட்டின் மறுகோடியில், டெவனில், கடலோரமாக இருக்கிறாள். தனியாக ஏன் அவ்வளவு பெரிய வீட்டில் கிடக்கிறாய், இங்கே கடலைப் பார்த்த அறை ஒன்று சும்மா இருக்கிறது, வந்துவிடு என்று அவள் வாரம் தவறாமல் ஃபோனில் அழைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வசந்த காலத்து ஞாயிறு. தேநீர் வேளை. மியூரியல் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்:

"இந்த வண்டி ஒழுங்கா ஓடினா அக்காகிட்டப் போயிடலாம்னு இருக்கேன். இப்படி இருமிக்கிட்டே அவ்வளவு தூரம் போக முடியாதில்ல."

வேறு ஊராக இருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். 'ஏன் போகணும்?' என்று கேட்டிருப்பார்கள். சிலர் கண்கலங்கிக்கூட இருப்பார்கள். எங்கள் சங்கம் அப்படியெல்லாம் ஒருவருடைய சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கும் சங்கமல்ல. அவள் சொன்னதில் ஒரே ஒரு செய்திதான் எங்கள் காதில் விழுந்தது: வண்டி இருமுகிறது.

ராட்னி அங்கேயே எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். 'மிஸஸ் தொரெஸ்பியின் வாகனத்தை டெவன் வரை செல்லும் தகுதிக்குக் கொண்டுவர இச்சங்கம் உறுதி பூணுகிறது.' வழிமொழிய ஒரு கை உயர வேண்டும். எல்லோருடைய ஒரு கையில் கோப்பை, மறு கையில் பழக் கேக். ஒரே ஒருவருடைய கை மட்டும் காலியாக இருந்தது, ஏனென்றால் அவர் தன் கேக்கை மியூரியலுக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கினார்.

அவர் ஆல்வின் ஹெப்வர்த். தொழில், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், வசதியான வீட்டுக் கூடங்கள் என்று சாம்பல் நிறச் சின்ன ஆஸ்டின் காரில் மாவட்டம் முழுவதும் சுற்றுவார். கல்யாணம் ஆகாதவர். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மியூரியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேக்கில் உடையாத துண்டாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைக்கிறார். மூன்று வருடமாக அவளை 'மிஸஸ் தொரெஸ்பி' என்றுதான் கூப்பிடுகிறார். ஒரு தடவை அவளுடைய தொப்பி காற்றில் பறந்து, இவர் முற்றம் முழுக்க ஓடிப் பிடித்துக் கொடுத்த பதற்றத்தில், "இந்தாங்க மியூரியல்" என்று வாய்தவறி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு முதல் வேலையாக அவளிடம் போய், போன வாரம் கொஞ்சம் வரம்பு மீறிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அவளும் மன்னித்துவிட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இனி நோய்க்கு வருவோம்.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடம் கார்புரேட்டர். பெட்ரோல் கூடினால் வண்டி கறுப்பாகப் புகைந்து தள்ளாடும். காற்று கூடினால் இருமும், தும்மும், மேட்டில் பாதியில் நிற்கும். கலவையைக் கூட்டிக் குறைக்க அடியில் ஆறுபட்டை நட்டு ஒன்று இருக்கிறது. கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவை வைத்துக்கொண்டே எங்கள் சங்கம் ஒரு வசந்தத்தையும் ஒரு கோடையையும் ஓட்டிக் காட்டியது.

தொழில்நுட்ப அதிகாரி டெஸ்மண்ட் பியூ ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையின் நிறத்தைப் பார்த்தால் போதும் என்றார் அவர். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி.

"எந்த பிஸ்கட்?" என்று கேட்டார் எங்கள் மூத்த உறுப்பினர் பெர்சி.

இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. இஞ்சி பிஸ்கட்டா, தேநீரில் நனைக்கும் சாதா பிஸ்கட்டா, ஓட்ஸ் பிஸ்கட்டா? விவாதம் இரண்டு ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது. இறுதியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூன்று வகை பிஸ்கட்டையும் ஒரே தட்டில் அடுக்கி, நடுவில் பிளக்கையும் வைத்தார்கள். பெர்சி அன்று கண்ணாடி போடாமல் வந்திருந்தார். அவருடைய மேல்வரிசைப் பல்செட்டில் ஒரு விரிசல் விழுந்ததைத் தவிர அந்த ஆய்வு எல்லா வகையிலும் வெற்றி. சாதா பிஸ்கட் ஏழுக்கு நான்கு என்ற வாக்கில் வென்றது.

அதன் பிறகு டெஸ்மண்ட் நட்டைத் திருகினார். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் குட்டி ஊசியை விரலால் மயிரிழை தூக்கிக் காதைக் கொடுத்தார். தூக்கியதும் எஞ்சின் வேகமெடுத்து அந்த வேகத்திலேயே ஓடினால் பெட்ரோல் அதிகம். மூச்சுத் திணறினால் குறைவு. லேசாக ஒரு நொடி எழும்பி மறுபடி தன் நிலைக்கு வந்தால் சரி. எழும்பியது, அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் சுற்றுத் தேநீர் குடித்தார்கள். மியூரியல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு அது இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

மறுபடி திருகினார்கள். சரியானது. மறு ஞாயிறு மறுபடி இருமல். டெஸ்மண்ட் இதற்கு மேட்டு நிலத்து ஈரக் காற்றுதான் காரணம் என்று நிரூபித்து ஒரு கட்டுரை வாசித்தார். வாசிக்கும்போதே மழை பெய்ததால் அது மறுக்க முடியாத ஆதாரமாக ஏற்கப்பட்டது. கார்புரேட்டரின் தலையில் ஊற்றுகிற எண்ணெய் கெட்டியா மெல்லிசா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. துணைக்குழுவில் இரண்டு பேர். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியதும் அது கலைக்கப்பட்டது.

உண்மைக் காரணத்தை நான் கண்டுபிடித்தது பாத்திரம் கழுவும்போது.

தேநீர் வேளையில் முற்றத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கருவிகளுக்குக் காவல் வேண்டுமே என்று ஆல்வின் மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து போவார். அவருடைய பொறுப்புணர்ச்சியை ராட்னி பொதுக்குழுவிலேயே பாராட்டியிருக்கிறார். அன்று சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். ஆல்வின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மாரிஸ் மைனரின் பானெட்டுக்குள் கையை விட்டார். கோவில் உண்டியலில் காசு போடுகிறவரைப் போல முகத்தைப் பவ்வியமாக வைத்துக்கொண்டு, நட்டை இரண்டு பட்டை மேலே ஏற்றினார்.

இரண்டே பட்டை, ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஏற்றினால் வண்டி வழியில் நின்று அவளுக்குச் சிரமமாகிவிடும். அதற்குக் குறைந்தால் இருமல் வராமலே போய்விடும். சுருதி தெரிந்த காது. ஒரு பெண் ஊரை விட்டுப் போகாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும், ஒரு பொட்டு கூடுதலில்லாமல் கெடுக்க, அந்தக் காதால் முடிந்தது.

இதைப் பார்த்த பிறகு, பண்பாடு தெரியாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? 'யோவ், அவளை உனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லித் தொலையேன்' என்று அவரைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். நான் கோப்பைகளைக் கழுவி முடித்தேன். ஆனால் நானும் மனுஷிதானே. அவர் துணியோடு வந்து கோப்பைகளைத் துடைக்கும்போது, என் வாழ்நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசிவிட்டேன்.

"டெவன் ரொம்ப தூரம், இல்ல ஆல்வின்?"

அவர் ஒரே கோப்பையை வெகுநேரம் துடைத்தார்.

"தூரம்தான்," என்றார். "ஆனா ரோடு நல்லா இருக்கும்."

அன்று முழுக்க என் முகம் சுட்டது. எல்லையைத் தாண்டிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

இப்படியே கோடை முடிந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு ஆல்வின் வரவில்லை. கடுமையான ஜலதோஷம், படுத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கருவிகளுக்கு அன்று காவல் இல்லை. திருடு எதுவும் போகவில்லை. டெஸ்மண்ட் வழக்கம்போல வண்டியைச் சரிசெய்தார். மியூரியல் ஓட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை அவளுடைய கேக் டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கார் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டபடி, ஜெரால்டின் பழைய ஸ்பேனரும் கையுமாக மியூரியல். முழங்கை வரை கரி.

"என்ன பண்ற மியூரியல்?"

"கெடுக்கறேன்."

சாதாரணமாகச் சொன்னாள், ரொட்டிக்கு மாவு பிசைகிறேன் என்பது போல. பிறகு தலையை வெளியே எடுத்தாள். அழுதிருந்தாள் என்று சொல்லமாட்டேன். அது அவளுக்கு மரியாதையாக இருக்காது.

"போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இது இருமவே இல்ல எனிட். ஒரு தடவைகூட. திங்கக்கிழமை சந்தைக்குப் போனேன், பட்டு மாதிரி போகுது. பெரில் என்னடான்னா ஜன்னலுக்குத் திரை தைச்சு மாட்டிட்டேங்கறா."

"போக இஷ்டமில்லன்னு அவகிட்ட சொல்லிடேன்."

ஏதோ நான் அவளைத் துணியில்லாமல் சந்தைக்குப் போகச் சொன்னது போலப் பார்த்தாள். "இஷ்டமில்லங்கறது ஒரு காரணமா? அவ என்ன நினைப்பா?"

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"யாராவது ஒருத்தர் 'போகாதீங்க'ன்னு சொன்னாப் போதும். காரணம்கூட வேணாம்."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான்." மறுபடி குனிந்துகொண்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "வீட்டுல பியானோ ஒண்ணு வேற சும்மா கிடக்குது."

நட்டை இரண்டு பட்டை கீழே இறக்கிவிட்டு, கையைத் துடைத்து, எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். இதை யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை. ஒரு செயலாளரிடம் இரண்டு உறுப்பினர்களின் அந்தரங்கம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றை இன்னொருவரிடம் சொல்வது விதிமீறல். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவது அதைவிடப் பெரிய விதிமீறல். விதிகளை எழுதியதே நான்தான்.

மறுநாள் ஆல்வின் வந்துவிட்டார். கழுத்தில் மூன்று சுற்றுக் கம்பளி, இரண்டு காதிலும் பஞ்சு. மியூரியலின் கார் முற்றத்துக்குள் நுழைந்தபோது லேசாகக் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு தள்ளாடித்தான் வந்தது. வழக்கமான ஆல்வினாக இருந்தால் தெருமுனையிலேயே கேட்டிருப்பார். அன்று அவர் காதில் தேவாலய மணிகூட விழுந்திருக்காது. அவர் மனதில் இருந்ததெல்லாம் ஒரே கவலை: ஒரு வாரம் முழுக்க இந்த வண்டி ஆரோக்கியமாக இருந்திருக்கிறது. மற்றவர்கள் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அவளுடைய கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்தார். டயரைப் பார்ப்பது போலக் குனிந்து, பானெட்டை ஒரு சாண் தூக்கி, நட்டை இரண்டு பட்டை மேலே ஏற்றினார்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கீழே. அவர் இரண்டு மேலே. என் கையிலிருந்த கோப்பை நழுவிக் கழுவுதொட்டியில் விழுந்து உடைந்தது. சங்கத்தின் சொத்து. அதற்கு வருந்துகிறேன்.

டெஸ்மண்ட் எஞ்சினை ஓடவிட்டார். ஊசியை மயிரிழை தூக்கினார். சத்தம் ஒரு நொடி எழும்பி, பெருமூச்சு விட்டது போல அடங்கியது. மறுபடி தூக்கினார். மறுபடி அதே. பிளக்கைக் கழற்றினார்கள். ராட்னி அதன் பக்கத்தில் ஒரு சாதா பிஸ்கட்டைப் பிடித்தார். எது எது என்று தெரியவில்லை. பெர்சியை எச்சரிக்கை செய்து பின்னால் தள்ளி நிற்க வைத்தார்கள்.

"நான் தொடவே இல்லையே," என்றார் டெஸ்மண்ட். "தானாவே சரியாயிருக்கு."

அது ஒரு சரித்திரத் தருணம். பதினொரு பேர் கூடி, வசந்தத்திலிருந்து குனிந்து நின்று, ஒருவரும் எதையும் தொடாமல் ஒரு காரைக் குணமாக்கிவிட்டார்கள். சங்கத்தின் தத்துவமே நிரூபணமாகிவிட்டது. தொப்பிகள் உயர்ந்தன. அந்தக் கூட்டத்தில் இரண்டு முகங்கள் மட்டும் மாவு போல வெளுத்திருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டன.

ராட்னி தாமதிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வழியனுப்பு விழா என்று அறிவித்தார். இந்த உன்னத நிலை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக நட்டின் மேல் சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து முத்திரையிட்டார்கள். கார் அதுவரை எங்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டி வைக்கப்பட்டது. வார நடுவில் ஆல்வின் வந்து, சும்மா ஒரு பார்வை பார்க்கலாமா என்று கேட்டார். மறுநாள் மியூரியல் வந்து அதையே கேட்டாள். உறுப்பினர்களின் ஆர்வத்தை நினைத்து ராட்னி நெகிழ்ந்துபோனார். சாவியை இன்னும் பத்திரமாக வைத்தார்.

விழா நாள் காலையில் வெயில் அடித்தது. மியூரியலின் பெட்டிகள் பின்சீட்டில். ராட்னி பேசினார். டெஸ்மண்ட் பேசினார். ஆல்வின் ஜலதோஷம் தெளிந்து, பஞ்சு இல்லாத காதோடு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு கடைசியில் நின்றார். மியூரியல் எல்லோருக்கும் நன்றி சொல்லி, காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். பட்டு மாதிரி ஓடியது. கைதட்டினோம்.

அவள் கிளம்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்து இறங்கினாள். பானெட்டைத் தூக்கினாள். கைப்பையிலிருந்து ஜெரால்டின் ஸ்பேனரை எடுத்தாள். எங்கள் அத்தனை பேர் கண் முன்னாலும், சிவப்பு முத்திரையை உடைத்து, நட்டைக் கீழே இறக்கினாள், இறக்கினாள், இறக்கிக்கொண்டே இருந்தாள். கார் கறுப்பாகப் புகைந்தது, குலுங்கியது, நின்றுவிட்டது.

முற்றத்தில் புறா நடக்கிற சத்தம் கேட்டது.

"மிக்ஸ்சர் சரியில்ல போலருக்கு," என்றாள் மியூரியல். பார்வை நேராக ஒரே ஒருவர் மேல் இருந்தது. "யாராவது வந்து பாத்தீங்கன்னா... எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இங்கயே இருந்துக்கறேன்."

யார்க்ஷயரில் எந்தப் பெண்ணும் எந்த ஆணிடமும் இதைவிட அப்பட்டமாகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. ராட்னி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட அன்றுகூட வானிலையைப் பற்றித்தான் பேசினார்.

ஆல்வின் புரிந்துகொண்டார். அவர் முகத்தில் அது தெரிந்தது. கூட்டத்திலேயே முதலில் நகர்ந்தது அவர்தான், இரண்டு எட்டு நிச்சயமாக வைத்தார். அதே சமயம் டெஸ்மண்டும் ஸ்பேனரோடு விரைந்தார். இருவரும் மோதிக்கொள்ளப் பார்த்தார்கள்.

"மன்னிக்கணும்," என்றார் ஆல்வின். "நீங்க முதல்ல."

டெஸ்மண்ட் போனார். அவர் பின்னால் பெர்சி வந்தார். வயதானவர். ஆல்வின் அவருக்கும் ஒதுங்கி வழிவிட்டார். பெர்சிக்கு வழிவிட்டு அவருடைய தம்பிக்கு விடாமலிருக்க முடியுமா? ராட்னி தலைவர், அவர் முன்னால் போவதுதான் முறை. இப்படி ஒவ்வொருவராக வர வர, யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உருவாகிவிட்டது. எங்கள் ஊரில் மூன்று பேர் ஒரே திசையில் பார்த்தால் அது வரிசைதான். ஆல்வின் அதன் வாலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, தன் முறைக்காகக் காத்திருந்தார்.

முறை வரவில்லை. ஆறு மாதமாக எதையும் தொடாதவர்கள் அன்று என்ன வேகம் பிடித்தார்கள் தெரியுமா? அவசரச் சிகிச்சை. ஒருவர் பிளக்கைத் துடைத்தார், ஒருவர் எண்ணெய் பார்த்தார், டெஸ்மண்ட் நட்டை ஏற்றி, ஊசியைத் தூக்கி, காது கொடுத்தார். எழும்பியது, அடங்கியது. தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மியூரியலின் தோளைத் தட்டிக்கொடுத்து, கவலைப்படாதே கண்ணு, இனி டெவன் வரைக்கும் முணுமுணுக்காது என்று பெர்சி ஆறுதல் சொன்னார்.

பானெட்டை மூடினார்கள். அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கார் வாசலை நோக்கி மெல்ல உருண்டு, வரிசையின் வாலில் நின்றது. கண்ணாடியை இறக்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒன்பது பேர் வந்தாங்க, மிஸ்டர் ஹெப்வர்த்," என்றாள்.

"ஆமாங்க, மிஸஸ் தொரெஸ்பி." அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தார். "அவங்க எனக்கு முன்னாடி நின்னாங்க."

நியாயமான பதில்தான் என்பது போல அவள் தலையசைத்தாள். எங்கள் ஊரில் அது நியாயமான பதில்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வண்டி இறக்கத்தில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறும் வரை சத்தம் கேட்டது. ஆல்வின் கடைசி வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இருமலாவது, ஒரே ஒரு தும்மலாவது வராதா? இல்லை. அப்பழுக்கில்லாத சுருதி.

வண்டி வழியில் எங்குமே மூச்சுத் திணறவில்லை என்று பெரில் ஃபோனில் சொன்னாள். அதை ஆண்டுப் பொதுக்குழுவில் ராட்னி அறிவித்தபோது எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டெஸ்மண்ட் அந்த ஆண்டின் சிறந்த நோயறிவாளர் ஆனார். 'பிறருக்கு வழிவிடும் பண்பு'க்காக இந்த ஆண்டிலிருந்து ஒரு வெள்ளிக் கோப்பை வழங்குவது என்றும், முதல் கோப்பை ஆல்வின் ஹெப்வர்த்துக்கு என்றும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. அவர் மேடைக்கு வரும்போது எதிரே தேநீர்த் தள்ளுவண்டி வந்தது. ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். கூடம் அதிர்ந்தது. கூட்டம் முடிந்து அவர் தன் ஆஸ்டினில் ஏறியதை ஜன்னல் வழியே பார்த்தேன். கோப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். விழுந்துவிடக் கூடாதே என்று பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

சேர்ந்து வாழ ஆசைப்படும் இரண்டு பேரைப் பிரிக்க மற்ற ஊர்களில் எவ்வளவு பாடுபடுகிறார்கள்! சாதி பார்க்கிறார்கள், ஜாதகம் பார்க்கிறார்கள், அப்பாக்கள் மிரட்டுகிறார்கள், அம்மாக்கள் படுத்துக்கொள்கிறார்கள், அரிவாள்கூட எடுக்கிறார்கள். அப்படியும் சில ஜோடிகள் தப்பித்து ஓடிவிடுகின்றன. எங்கள் சங்கம் யார் மேலும் கோபப்படவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இரண்டு பேருக்கும் உதவி செய்தே, தேநீர் ஆறுவதற்குள் அதைச் செய்து முடித்தது.